தொண்டைக்கு ஒரு தண்ணீர்ப்பந்தல்

அக்டோபர் மாதத்து மழை கொடிமலையை முழுதும் மறைத்துக்கொண்டு பெய்த ஒரு பிற்பகலில், பினாங்கின் ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடொன்றின் எட்டாவது மாடியில், பக்கவாதத்தில் விழுந்து, கழுத்தில் துளையிட்டுப் பொருத்திய குழாயின் வழியாகவே சுவாசித்துக்கொண்டிருந்த என் பெரியப்பா மகனின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். சன்னல் கம்பியில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கொடியில் போட்ட துணி மூன்றாம் நாளாகியும் காயாமல் பூசண வாடை வீசியது. சமையலறையில் உப்பு ஜாடிக்குள் கட்டிதட்டிக் கிடந்தது. ஆயினும் அண்ணனுடைய குழாயிலிருந்து ஒவ்வொரு மூச்சுக்கும் ஊதல்போல மெல்லிய ஒலி எழுந்தது. அண்ணி சளி உறிஞ்சும் கருவியின் குழலை உள்ளே விட்டு எடுத்தபோது, ஆறிய கஞ்சியின்மேல் படியும் ஆடையைப்போலக் கெட்டிப்பட்ட சளி, ஓரத்தில் ஒரு சிவந்த இழையோடு வந்தது.

"ஈரம் கொடுக்கறதுக்குன்னு ஏதாவது மாட்டச் சொல்லலையா அண்ணி?" என்று கேட்டேன். "இந்த ஊரு காத்தே ஈரந்தானே தம்பி, இதுக்கு மேல எதுக்கு ஈரம்? ஆஸ்பத்திரியில இருந்தப்ப என்னமோ ஒண்ணு மாட்டியிருந்தாங்க. வீட்டுக்கு வரும்போது மிஸ்ஸி சளி எடுக்கிற மிஷின் வாங்கச் சொன்னாங்க, கடனை உடனை வாங்கி வாங்கிட்டோம். அந்தச் சின்னச் சாமானைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலை" என்றார். அவர் சொன்னதில் அறியாமையைவிட அனுபவமே அதிகம் இருந்தது. துணி காயாத ஊரில் தொண்டை காயும் என்று யார்தான் எதிர்பார்ப்பார்கள்? ஆனால் அந்த எதிர்பார்ப்பு பிழை என்பதையும், அந்தப் பிழைக்குக் குடும்பங்கள் கொடுக்கும் விலை பெரிது என்பதையும், அவர் போகிறபோக்கில் குறிப்பிட்ட அந்தச் 'சின்னச் சாமான்' நம்முடைய மருத்துவமனைகளிடமும் தர்மவான்களிடமும் பெற்றிருக்கவேண்டிய மதிப்பைப் பெறவில்லை என்பதையும் எடுத்துரைப்பது என் கடமை என்று அன்றே தீர்மானித்துக்கொண்டேன்.

நாசி என்னும் அவயவம் வாசனை அறிவதற்கும், மூக்குத்தி அணிவதற்கும், கோபம் வந்தால் சிவப்பதற்கும் ஏற்பட்டதாகவே நாம் நினைத்திருக்கிறோம். அதன் பிரதான உத்தியோகம் வேறு. வெளிக்காற்று எந்த வெப்பத்தில், எந்த வறட்சியில் வந்தாலும், அதை ஈரம் சுரக்கும் சவ்வு மடிப்புகளின்மேல் தவழவிட்டு, தூசியை வடிகட்டி, சரீரத்தின் வெப்பமாகிய 37 டிகிரியை நோக்கிச் சூடேற்றி, நீராவி ஊட்டி உள்ளே அனுப்புவதும், மூச்சு வெளியேறும்போது அதே வெப்பத்திலும் ஈரத்திலும் ஒரு பகுதியைத் திரும்பப் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்த மூச்சுக்குச் செலவிடுவதுமாகிய, சிக்கனம் தெரிந்த இல்லத்தரசியின் வேலை அது. மூக்கு விட்ட குறையைத் தொண்டையும் மூச்சுக்குழலும் சேர்ந்து நிறைவு செய்கின்றன. கழுத்தில் டிரக்கியோஸ்டமி என்னும் துளை இடப்பட்ட அந்த நிமிஷமே காற்று மூக்கையும் தொண்டையையும் எட்டிப் பாராமல் நேரே மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடுவதால், இல்லத்தரசி இல்லாத வீட்டில் குடித்தனத்தின் சுமை முழுவதும் சிறு பெண்ணின் தலைமேல் விழுவதுபோல, நுரையீரலின் மெல்லிய கிளைகளே அந்த வேலை அத்தனையையும் ஏற்க நேர்கிறது.

பினாங்குக் காற்றின் ஈரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் அண்ணியின் வாதத்துக்குப் பதில் கிடைத்துவிடும். 37 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்று 44 மில்லிகிராம் நீராவியைத் தாங்கும்; நுரையீரலின் ஆழத்துக்கு வேண்டியது அதுவே. வெப்பம் 28 டிகிரியும் ஈரப்பதம் 80 சதவீதமுமாக இருக்கும் ஒரு சாதாரணப் பினாங்கு நாளில், ஒரு லிட்டர் காற்றில் இருப்பது சுமார் 22 மில்லிகிராம்தான். வானிலை அறிக்கை சொல்லும் அந்த 80 சதவீதம் 28 டிகிரிக் காற்றின் கணக்கு. அதே காற்று உடம்புக்குள் சென்று சூடேறியவுடன் சரிபாதி வறண்ட காற்றாகிவிடுகிறது. நோயாளி சௌகரியமாக உறங்கட்டும் என்று கதவைச் சாத்தி ஏர்கோனைப் போட்டு, அறையை 22 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமுமாக ஆக்கினாலோ, லிட்டருக்கு 10 மில்லிகிராம்கூடத் தேறாது. படுத்திருக்கும் ஒரு மனிதர் ஒரு நாளில் சுவாசிக்கும் காற்று ஏறத்தாழ 10,000 லிட்டர் என்று கொண்டால், மழை பெய்யும் ஊரிலேயே அந்தத் தொண்டை நாள்தோறும் தன் சொந்த இருப்பிலிருந்து எடுத்துச் சேர்க்கவேண்டிய நீர் கால் லிட்டருக்குச் சற்றே குறைவு. ஏர்கோன் அறையிலோ அது லிட்டரில் மூன்றில் ஒரு பங்கையும் தாண்டிவிடுகிறது. வறட்சி மிகுந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களையும், 2015-லும் 2019-லும் சுமத்ராவிலிருந்து வந்து நம் தீவை மூடிய புகைமூட்டத்தைப் போன்ற நாட்களையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்தக் கடனை அடைக்க முடியாதபோது முதலில் நின்றுபோவது மூச்சுக்குழலின் உட்சுவரில் நெல்நாற்றுப்போல அடர்ந்து, ஓயாமல் அசைந்து, சளியை மேலே தள்ளிக்கொண்டிருக்கும் நுண்மயிர்களின் அசைவு. அசைவு நிற்கவே சளி தேங்குகிறது. தேங்கிய சளி கெட்டிப்பட்டு, காய்ந்து, குழாயின் உட்புறத்தில் பொருக்காகப் படிகிறது. பொருக்கின்மேல் பொருக்கு சேர்ந்து ஒருநாள் நள்ளிரவில் குழாயை அடைத்துவிடுகிறது. குழாய் மட்டுமே மூச்சுக்கு வழியாக இருக்கும் மனிதருக்கு அது என்ன என்பதை நான் விவரிக்கவேண்டியதில்லை. ஊதல்போன்ற ஒலியும், சளியில் தோன்றும் ரத்த இழையும், உறிஞ்சுகுழல் உள்ளே போகும்போது எதிர்ப்படும் தடையும் அந்த நள்ளிரவின் முன்னறிவிப்புகள். கருவியின் சக்தியைக் கூட்டி உறிஞ்சுவது இதற்குப் பரிகாரமாகாது. சளியை மேலும் மேலும் எடுத்துக்கொண்டிருப்பதைவிட அதை இளகிய நிலையில் வைத்திருப்பதே புத்திசாலித்தனம்.

தொண்டையில் துளையிடும் சிகிச்சை பழமையானது. அதை முறைப்படுத்தியவர் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகழ்பெற்றவர் அமெரிக்க வைத்தியரான செவாலியர் ஜாக்சன். 1952-இல் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவி, மூச்சுத் தசைகள் செயலற்றுக் குழந்தைகள் மடிந்துகொண்டிருந்தபோது, பியோர்ன் இப்சென் என்னும் மயக்கமருந்து வைத்தியர் அவர்களுடைய கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்களை முறைவைத்து உட்காரச் செய்து, இரவும் பகலும் கையாலேயே ரப்பர்ப் பையை அமுக்கிக் காற்றூட்டிப் பலரைப் பிழைக்க வைத்தார். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அந்தச் சம்பவத்திலிருந்து பிறந்தவை. அன்று ஒரு மருத்துவமனையில் முறைமாற்றிக்கொள்ள அத்தனை கைகள் இருந்தன. இன்று மருத்துவமனையின் வாசலைத் தாண்டி வீடு வந்து சேரும் நோயாளிக்குப் பெரும்பாலும் இருப்பவை ஒரு மனைவியின் அல்லது ஒரு மகளின் இரண்டு கைகளே.

அப்படி வீடு வந்து சேர்வோர் நம்மிடையே யார் என்று பார்த்தால், மோட்டார்சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்ட இளைஞர்களும், பக்கவாதம் கண்ட முதியவர்களும், சீனச் சமூகத்தாரிடையே அதிகம் காணப்படும் மூக்கடித்தொண்டைப் புற்றுநோய்க்கு ஆளானவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள். மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் மற்ற இனத்தாரைவிட இந்தியரையே அதிகம் பற்றுகிறது என்பதும், வெற்றிலையோடு புகையிலை சேர்த்து மெல்லும் பழக்கத்துக்கு அதில் பெரும் பங்குண்டு என்பதும் நாம் வெட்கத்தோடு ஏற்றுக்கொள்ளவேண்டிய உண்மை. ஆகவே இது எங்கோ யாருக்கோ நேரும் விஷயம் என்று தள்ளிவிடத் தமிழர்களுக்கு நியாயமில்லை.

இனி, சாமான்களைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அண்ணி குறிப்பிட்ட அந்தச் சின்னச் சாமானுக்கு ஆங்கில மருத்துவர்கள் இட்ட செல்லப்பெயர் 'ஸ்வீடன் மூக்கு'. நாம் செயற்கை மூக்கு என்போம். கட்டைவிரல் அளவே உள்ள ஒரு பிளாஸ்டிக் கூடு. அதனுள் மடிப்பு மடிப்பான காகிதச் சுருளோ நுரைப்பஞ்சோ இருக்கும். ஈரத்தை இழுத்துப் பிடிக்கும் கால்சியம் குளோரைடு போன்ற உப்பை அதில் ஏற்றியிருப்பார்கள். ஜாடியில் உப்பைக் கட்டிதட்ட வைக்கும் அதே குணமே இங்கே மருந்தாகிறது. வெளிவரும் மூச்சிலுள்ள வெப்பத்தையும் ஈரத்தையும் அது பிடித்துக்கொண்டு, உள்ளே போகும் அடுத்த மூச்சுக்கு வழங்குகிறது. மின்சாரம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், ஓசையில்லை. சக்கர நாற்காலியில் உட்காரவைத்து எஸ்பிளனேடுக் கடற்கரைக்கு அழைத்துப் போனாலும் கூடவே வரும். சுயமாகச் சுவாசிக்கிற, சளி இளகியிருக்கிற பெரும்பாலான வீட்டு நோயாளிகளுக்குப் பகற்பொழுதின் முதல் தேர்வு இதுவாகவே இருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

வாங்கும்போது கவனிக்கவேண்டிய சங்கதிகள் சில உண்டு. இக்காலத்துப் பிளாஸ்டிக் குழாய்களின் வாய் பொதுவாக 15 மில்லிமீட்டர் அளவுள்ளது. மூக்கும் அந்த வாய்க்கு ஏற்றபடி செய்யப்படுகிறது. பழைய பாணி வெள்ளிக் குழாய்களில் அந்த வாய் இராது. அவற்றுக்கு இதை வாங்கி வந்து பொருத்தமுடியாமல் திரும்பியவர்கள் உண்டு. பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்களில், ஒரு லிட்டர் காற்றுக்கு எத்தனை மில்லிகிராம் ஈரத்தைத் தருகிறது என்று எழுதியிருந்தால் அந்த எண் பெரிதாக இருப்பது நல்லது. ஐஎஸ்ஓ 9360 என்னும் அளவுமுறைப்படி எத்தனை மில்லிகிராம் ஈரம் வீணாகிறது என்று எழுதியிருந்தால் அந்த எண் சிறிதாக இருப்பது நல்லது. இரண்டையும் குழப்பிக்கொண்டு தரம் குறைந்ததை உயர்ந்ததென்று வாங்கிவிடக்கூடாது. வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கான செயற்கை மூக்கு லிட்டருக்குக் குறைந்தது 30 மில்லிகிராமாவது தரவேண்டும் என்று அமெரிக்கச் சுவாசப் பராமரிப்புச் சங்கம் 2012-இல் பரிந்துரைத்தது. ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல உரைகல். குழந்தைகளின் மூச்சளவு சிறியதாதலால், பெரியவர்களுக்கான கூட்டை மாட்டினால் வெளிவிட்ட காற்றையே அவர்கள் திரும்ப இழுக்க நேரும். அவர்களுக்கென்று அமைந்த சிறு அளவையே கேட்டு வாங்கவேண்டும். நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டத்தின்கீழ் இத்தகைய பொருள்கள் பதிவு பெற்றிருக்கவேண்டும் என்பதையும் மறக்கலாகாது. பதிவு எண் இல்லாத மலிவுச் சரக்கு இணையக் கடைகளில் எவ்வளவு அழகாகத் தோன்றினாலும், தொண்டையில் வைப்பதற்கு உரியதல்ல.

செயற்கை மூக்குக்கும் எல்லைகள் உண்டு. சளி மிகக் கெட்டியாகவோ, மிக அதிகமாகவோ, ரத்தம் கலந்தோ வரும்போது அதை மாட்டலாகாது. இருமலில் தெறிக்கும் சளி அந்த மடிப்புகளில் அப்பிக்கொண்டு அதுவே அடைப்பாகிவிடும். பேசுவதற்கான வால்வை மாட்டியிருக்கும் நேரத்தில் வெளிமூச்சு வாய்வழியே போய்விடுவதால், மூக்குக்குப் பிடித்துவைக்க ஈரமே கிடைக்காது. அந்த வால்வையோ, குழாயைச் சுற்றியுள்ள காற்றுவளையத்தை முழுதும் இறக்கிய பிறகே மாட்டவேண்டும். மறந்தால் மூச்சு வெளியேற வழியின்றி உயிருக்கே ஆபத்து. மூச்சுத் திணறல் கண்டால் முதற்காரியம் செயற்கை மூக்கைக் கழற்றுவது. அடுத்தது உட்குழாய் இருந்தால் அதை உருவி எடுப்பது. பிறகு சளியை உறிஞ்சுவது. அதற்கும் அடங்காவிட்டால் ஒரு கணமும் தாமதியாமல் 999-ஐ அழைப்பது. இந்த வரிசையைக் கட்டிலின் தலைமாட்டில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவைப்பது, சாமான் வாங்குவதற்கு எவ்விதத்திலும் குறைந்த காரியமன்று.

செயற்கை மூக்கு பொருந்தாதவர்களுக்குக் கழுத்தில் கட்டும் நுரைப்பஞ்சு வைத்த துணிமறைப்பு உண்டு. பழைய நாட்களில் மல்துணியை நனைத்துத் துளையின்மேல் தொங்கவிட்டதன் சீர்திருந்திய வடிவமே இது. அந்த மல்துணி முறையை நான் இகழவில்லை. கைக்கு வேறொன்றும் எட்டாத இடங்களில் அது எத்தனையோ தொண்டைகளைக் காத்திருக்கிறது. ஆனால் நூல் பிரிந்த துணியும், கட்டாமல் வெறுமனே போட்ட துணியும் மூச்சோடு உள்ளே இழுபடக்கூடும் என்பதையும், நனைத்த துணி நாலுமணி நேரத்தில் அழுக்குத் துணியாகிவிடுகிறது என்பதையும் மனத்தில் வைக்கவேண்டும். குழாயின் வாயில் தூசி புகாமலும், வருவோர் போவோரின் பார்வை அதிலேயே பதியாமலும் காக்கும் கௌரவம் இந்தத் துணிமறைப்புக்கு உபரியாக உண்டு.

நெபுலைசரையும், சூடேற்றும் ஈரமூட்டியையும், அறையில் வைக்கும் புகைபோன்ற நீர்த்தூவியையும் பலர் ஒன்றென்றே கருதுகிறார்கள். நீரைச் சூடாக்கி ஆவியாக்கித் தருவது ஈரமூட்டி. நீரை உடைத்துத் துளிகளாக்கித் தருவது நெபுலைசரும் நீர்த்தூவியும். ஆவி தன்னோடு கிருமியைச் சுமப்பதில்லை; துளியோ, பாத்திரத்தில் கிருமி இருந்தால் அதையும் பல்லக்கில் ஏற்றி நேரே நுரையீரலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். எனவே நெபுலைசரில் மருந்துக்கடையில் வாங்கிய 0.9 சதவீதச் சலைனையும், ஈரமூட்டியின் கிண்ணத்தில் கிருமிநீக்கிய நீரையுமே ஊற்றவேண்டும்; சமையலறையில் வடிகட்டி வைத்த குடிநீர் குடிப்பதற்கு உத்தமமானதே தவிர, கிருமியற்றதன்று. கெட்டிச் சளிக்காரர்களுக்கும், வென்டிலேட்டர் துணையோடு உறங்குகிறவர்களுக்கும் சூடேற்றும் கருவி அவசியமாகலாம். அப்போது குழலில் திரளும் நீர் தொண்டைக்குள் ஓடிவிடாதபடி கருவியைக் கட்டிலைவிடத் தாழ வைக்கவேண்டும். மின்சாரம் தடைப்பட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே யோசித்திருக்கவேண்டும். சூடேற்றும் கருவியோடு செயற்கை மூக்கைச் சேர்த்து மாட்டுவதும், நெபுலைசர் வைக்கும்போது அதைக் கழற்றாமல் விடுவதும், நனைந்த நுரையால் மூச்சை அடைப்பதற்கு ஒப்பானவை.

தூவுகருவியின் நீரில் எதையாவது கலந்துவிடும் ஆசை நம்மவர்களுக்கு அதிகம். பினாங்கின் பெருமைகளுள் ஒன்றாகிய ஜாதிக்காய்த் தைலத்தை நெற்றியிலும் வயிற்றிலும் தடவிக்கொள்வதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் மூக்கு என்னும் வாயிற்காவலன் இல்லாத தொண்டைக்குள் எண்ணெய்த் துளியைச் செலுத்துவது விபரீதம். தென்கொரியாவில் ஈரமூட்டித் தண்ணீரில் பாசி பிடிக்காமலிருப்பதற்கென்று விற்கப்பட்ட கிருமிநாசினி திரவங்களை, சுத்தம் என்று நம்பித் தாய்மார்கள் ஆண்டுக்கணக்காகக் கலந்துவந்ததும், அவற்றைச் சுவாசித்துக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் நுரையீரல் சிதைந்து மாண்டதும், 2011-இல் அரசாங்கம் அதைக் கண்டறிந்து விற்பனையை நிறுத்தியதும் உலகறிந்த சோகம். சுத்தமான மூக்கும் தொண்டையும் உள்ளவர்களுக்கே அந்தக் கதி என்றால், நம் நோயாளிகளின் விஷயத்தில் நீரில் கலக்கவேண்டியது ஒன்றுமே இல்லை என்பதை விதியாகக் கொள்வதே க்ஷேமம். உறிஞ்சுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் குழாய்க்குள் சலைனை ஊற்றும் பழைய வழக்கமும் இப்போது பொதுவிதியாகச் சிபாரிசு செய்யப்படுவதில்லை. இருதயமும் சிறுநீரகமும் இடந்தருமானால், உணவூட்டும் குழாயின் வழியே போதிய தண்ணீர் கொடுப்பதே சளியை இளக்கும் மலிவான உபாயம்.

இத்தனை சாமான்களுள் எதைத் தேர்வது என்று கேட்டால், கடைக்காரரையும் விலைச்சீட்டையும் கேட்பதற்கு முன் சளியைக் கேளுங்கள் என்பேன். சளி நீர்த்து வெண்மையாக, குழலில் தடையின்றி ஏறி வருமானால் இப்போதுள்ள ஏற்பாடு போதும். சற்றுக் கெட்டிப்பட்டுக் குழலின் உட்புறத்தில் ஒட்டுமானால், செயற்கை மூக்கோடு இடையிடையே சலைன் நெபுலைசரும் வேண்டும். உறிஞ்சவே மசியாமல் பொருக்காக வருமானால் சூடேற்றும் கருவியும், மருத்துவரின் ஆலோசனையும் உடனே வேண்டும். காலையும் மாலையும் அதன் நிறத்தையும் கெட்டித்தன்மையையும் ஒரு நாட்காட்டியின் கட்டத்துக்குள் இரண்டு சொல்லில் குறித்துவரும் ஒரு பெண், விலையுயர்ந்த கருவியை வாங்கிவைத்துவிட்டு சளியைப் பாராமலிருப்பவரைவிடத் தன் நோயாளியை நன்றாகக் காக்கிறாள்.

சிக்கனம் என்ற பெயரில் நடக்கும் ஒரு தவற்றையும் சொல்லியாகவேண்டும். செயற்கை மூக்கின் உறையை உற்று நோக்கினால், ஒரு வட்டத்துக்குள் 2 என்ற எண்ணும் அதன்மேல் ஒரு குறுக்குக்கோடும் காணப்படும். இரண்டாம் முறை உபயோகிக்கலாகாது என்பது அதன் பொருள். அதைக் கழுவினால் ஈரத்தைப் பிடித்த உப்புக் கரைந்து போய்விடும். காய்ந்த பின் அது பார்வைக்கு மூக்காகவும் காரியத்தில் வெறும் கூடாகவும் இருக்கும். பொதுவாக 24 மணிநேரத்துக்கு ஒருமுறையும், சளி பட்டுவிட்டால் உடனேயும் அதை மாற்றவேண்டும். ஆனால் நாளொன்றுக்கு ஒன்று என்றால் மாதத்துக்கு 30, ஆண்டுக்கு 365. கழுவி மாட்டுகிற பெண்ணைக் குறைசொல்வதற்கு முன், அந்த 365-ஐ வாங்க அவளுக்கு வழி உண்டா என்று நாம் கேட்டுக்கொள்ளவேண்டாமா?

என் வாதத்தின் சாரம் இங்கேதான் இருக்கிறது. நம் நாட்டு அரசாங்க மருத்துவமனையில் வெளிநோயாளியாகச் செல்பவரிடம் ஒரு வெள்ளி வாங்கிக்கொண்டு மருந்தும் கொடுத்தனுப்பும் பெருந்தன்மை, உலகில் பல செல்வந்த நாடுகளும் கண்டு பொறாமைப்படத்தக்கது. ஆயினும் நோயாளி வாசலைக் கடந்ததும், தினந்தோறும் தீர்ந்துபோகும் இந்தச் சிறு சாமான்களின் பாரம் பெரும்பாலும் குடும்பத்தின்மேல் விழுந்துவிடுகிறது. மருத்துவச் சமூகநல அதிகாரியும், சமூகநல இலாகாவும், தொழிலாளியாக இருந்தவர்களுக்குப் பெர்க்கெசோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமும், இல்லந்தேடி வரும் சுகாதாரக் கிளினிக் தாதியரும், புற்றுநோயாளிகளுக்குத் தேசியப் புற்றுநோய்ச் சங்கத்தின் பினாங்குக் கிளை நடத்தும் ஹோஸ்பிஸ் சேவையும் நம்மிடம் இருக்கின்றன. கேட்டுப் பெறாமல் விட்டவர்கள் முதலில் அங்கே போய்க் கேட்கவேண்டும். இருந்தாலும், வீட்டுக்கு அனுப்பும் நாளில் நோயாளியின் கையில் கொடுக்கும் பட்டியலில் குழாயின் அளவும், ஈரமூட்டும் சாமானின் பெயரும், நாளுக்கு எத்தனை என்ற எண்ணிக்கையும் எழுதப்பட்டிருக்கவேண்டும் என்றும், முதல் மாதத்துக்கு உரியதை மருத்துவமனையே கொடுத்தனுப்பவேண்டும் என்றும் கோருவது அதிகப்படியான கோரிக்கை ஆகாது. கருவூலத்துக்கு அது சுமை என்பார்கள். வறண்ட குழாய் அடைத்துத் திரும்பி வரும் ஒரு நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கும் நாட்களின் செலவை ஒருபுறமும், ஒரு மாதத்துச் செயற்கை மூக்குகளை மறுபுறமும் தராசில் வைத்துப் பார்க்கட்டும்.

தர்மம் செய்வோருக்கும் ஒரு சொல். கருவி வாங்கிக் கொடுப்பதில் நமக்கு உள்ள உற்சாகம், அந்தக் கருவியோடு கூடத் தினமும் வேண்டியிருக்கும் சில்லறைச் சாமானை வாங்கிக் கொடுப்பதில் இல்லை. கருவியை மாலையிட்டு வைத்துப் புகைப்படம் எடுக்கலாம். முப்பது செயற்கை மூக்குகள் அடங்கிய அட்டைப்பெட்டியைப் புகைப்படம் எடுத்தால் பிஸ்கட் பெட்டிபோலத்தான் தெரியும். ஆனால் இந்தத் தீவு, சிறு பொருளின் பெருமையை உலகுக்குக் காட்டிய ஒருவரைப் பெற்ற தீவு. 1879-இல் இங்கே பிறந்து, பினாங்கு ஃப்ரீ பள்ளியில் படித்த டாக்டர் வூ லியன் தே, 1910-ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரற் கொள்ளைநோய் பரவியபோது, மல்துணிக்கு நடுவே பஞ்சை வைத்து மடித்த ஒரு மலிவான முகத்திரையைக் கட்டிக்கொள்ளும்படி வலியுறுத்தினார்; அதை ஏளனம் செய்து கட்ட மறுத்த பிரெஞ்சு வைத்தியர் ஒருவர் அந்த நோய்க்கே இரையானார். மூச்சின் வாசலில் வைக்கும் ஒரு துண்டுத் துணி எத்தகையது என்பதை வூ லியன் தே பிறந்த ஊருக்கு நான் எடுத்துச் சொல்லவேண்டியிருப்பது விசித்திரமே.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் நாம் போடும் பந்தல்களை நினைத்துப் பாருங்கள். யார் எவர் என்று கேளாமல், தாகத்தோடு வரும் எவருக்கும் மோரும் பானகமும் வார்ப்பதைப் புண்ணியம் என்று அறிந்திருக்கிறோம். நடந்து வருகிறவர்களின் தொண்டை வறளும் என்பது நமக்குத் தெரியும். நடக்கவும் கேட்கவும் முடியாமல், அடுக்குமாடிகளின் உள்ளறைகளில் படுத்தபடியே வறண்டுகொண்டிருக்கும் தொண்டைகளுக்கு ஆண்டு முழுதும் ஒரு பந்தல் வேண்டும். ஒரு பந்தலை நடத்தும் குழு ஒரே ஒரு நோயாளியின் ஓராண்டுச் சாமானை ஏற்றுக்கொள்ளட்டும். கோயில்களும் மசூதிகளும் சங்கங்களும் கருவி கொடுக்கும்போது, அந்தக் கருவியோடு பன்னிரண்டு மாதத்துச் சில்லறைச் சாமானையும் சேர்த்தே கொடுப்பதென்று தீர்மானம் செய்துகொள்ளட்டும். வாங்குவதற்கு முன் நோயாளியின் குழாய் எத்தகையது என்று கேட்டுக்கொள்ளவேண்டும் என்பது ஒன்றே என் நிபந்தனை.

அண்ணன் வீட்டில் இப்போது அந்த ஊதல் ஒலி இல்லை. சளி இளகி வருகிறது. அண்ணி நாட்காட்டிக் கட்டத்தில் 'வெள்ளை, நீர்ப்பு' என்று பென்சிலால் எழுதி வைக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது அலமாரியைத் திறந்து, பெட்டியில் மிஞ்சியிருந்த செயற்கை மூக்குகளை எண்ணிப் பார்த்தேன். பதினொன்று இருந்தன.